காரில் லேப்டாப்பை சார்ஜ் செய்யலாமா?

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

காரின் டாஷ்போர்டில் வட்டமாக உள்ள சாக்கெட்டில் கிடைப்பது 12 வோல்ட் டி.சி. மின்சாரம். இதற்கு ஃப்யூஸ் பெட்டியில் ஒரு ஃப்யூஸ் இருக்கும். பல கார்களின் கையேட்டில் ‘அதிகபட்சம் 120 வாட்ஸ்’ என்று போட்டிருப்பார்கள். அதாவது 12 வோல்ட், 10 ஆம்பியர்.

இப்போது உங்கள் லேப்டாப் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருந்தால், இரண்டையும் பெருக்குங்கள். 65 வாட்ஸ் வரும். இதை இன்வெர்ட்டர் வழியாக சார்ஜ் செய்தால் 12 வோல்ட் முதலில் 230 வோல்ட் ஏ.சி. ஆகி, பிறகு அடாப்டரில் மீண்டும் டி.சி. ஆகிறது. இரு முறையும் கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக வீணாகும். அதனால் நான் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வேன். 65 வாட்ஸ் என்பது சுமார் 87 வாட்ஸ், அதாவது 7 ஆம்பியர் ஆகிறது. பிரச்சினை இல்லை. ஆனால் 180 வாட்ஸ் கேமிங் லேப்டாப் என்றால் 20 ஆம்பியர் இழுக்கும். ஃப்யூஸ் போய்விடும். யு.எஸ்.பி. டைப்-சி மூலம் சார்ஜ் ஆகும் லேப்டாப்புக்கு பி.டி. வகை கார் சார்ஜரே சிறந்தது. அதில் இன்வெர்ட்டர் தேவையில்லை, வீணாவதும் குறைவு.

ஒரே சாக்கெட்டில் பிரிப்பான் போட்டு டயருக்குக் காற்றடிக்கும் பம்பையும் சேர்த்தால், எல்லாவற்றின் வாட்ஸையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஃப்யூஸ் போனால் அதே அளவு ஃப்யூஸையே போடுங்கள். பிளேடு ஃப்யூஸில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். ‘பெரிதாகப் போட்டால் போகாது’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃப்யூஸ் காப்பாற்றுவது உள்ளே ஓடும் ஒயரைத்தான். பெரிய ஃப்யூஸ் போட்டால், அது போவதற்கு முன் ஒயர் சூடாகி, மேலுறை உருகித் தீப்பிடிக்கலாம். செம்புக் கம்பி சுற்றுவது அதைவிட ஆபத்து.

இன்னும் மூன்று விஷயங்கள்:

1. இன்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகே சார்ஜரைச் செருகுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறும்.

2. இன்ஜின் ஓடாமல் 7 ஆம்பியர் வீதம் 3 மணி நேரம் எடுத்தால் 21 ஆம்பியர்-ஹவர் காலி. சிறிய காரின் பேட்டரி 35தான் என்றால், பிறகு கார் கிளம்பாமல் போகலாம்.

3. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றவே கூடாது. ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாததால் வோல்டேஜ் திடீரென எகிறும். ஐ.எஸ்.ஓ. 16750-2 தரவிதியில், தடுப்பு இல்லாத 12 வோல்ட் வண்டிக்கான சோதனை அளவே 79 முதல் 101 வோல்ட். செருகியிருக்கும் சார்ஜர் மட்டுமல்ல, காரின் சொந்த எலெக்ட்ரானிக்ஸும் அதில் போய்விடலாம்.

அடுத்த பயணத்துக்கு முன் கார் கையேட்டையும் அடாப்டரையும் பக்கத்தில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.