வானத்திலிருந்து வந்த கற்கள்

மஃரிப் தொழுதுவிட்டு நீராவிப்பிட்டி வீட்டு முற்றத்தில் இருந்தேன். தங்கச்சியின் மகன் ஓடிவந்தான். "மாமா, மேல பாருங்கோ! ரயில் மாதிரிப் போகுது. வேற்றுக்கிரகக்காரரா?"

வரிசையாக வெளிச்சப் புள்ளிகள். எனக்கு முதலில் நெஞ்சு திக்கென்றது. எங்கள் வயதுக்காரருக்கு இரவு வானில் வெளிச்சம் என்றால் பரா லைட்தான். பிறகுதான் நிதானம் வந்தது. அவை ஸ்டார்லிங்க் செய்மதிகள். 2019 மேயில் முதல் தொகுதியாக 60 ஏவப்பட்டன. ஏவிய புதிதில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நமக்கு இருட்டினாலும் அந்த உயரத்தில் வெயில் இருப்பதால் மின்னும்.

உண்மையில் விண்ணிலிருந்து வரும் விருந்தாளி கல்தான். அதைக் கண்டெடுக்கப் பாலைவனம் நல்ல இடம். வெளிறிய மணலில் கருங்கல் தனித்துத் தெரியும், ஈரமில்லாததால் சீக்கிரம் உக்காது. எங்கள் காட்டிலும் வயற்சேற்றிலும் விழுந்தால் அவ்வளவுதான். 1932இல் அரேபியாவின் ருப்உல் காலியில், இறைதண்டனையால் அழிந்ததாகச் சொல்லப்பட்ட வபார் நகரைத் தேடிப்போனார் அப்துல்லாஹ் பில்பி. கண்டது நகரமல்ல, கருகிய பெரும் பள்ளங்கள். எரிமலை வாய் என்றே நினைத்தார். அவர் கொண்டுவந்த இரும்புத் துண்டை லண்டனில் ஆராய்ந்தபோதுதான் அது விண்கல் என்று தெரிந்தது.

கல்லோடு உயிரும் வருமா? இந்தக் கேள்வியில் நம் நாட்டவர் இருவர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். 1969இல் அவுஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதைக் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெருமவின் குழு கண்டது. தொட்டவர் கையிலிருந்து ஒட்டியதோ என்ற சந்தேகம் எழும் அல்லவா? பூமியின் உயிர்கள் புரதத்துக்கு இடக்கை வகை அமினோ அமிலங்களையே பயன்படுத்துகின்றன. இந்தக் கல்லிலோ இடக்கை, வலக்கை இரண்டும் ஏறத்தாழச் சமம். அதனால் அவை விண்ணிலிருந்தே வந்தவை. ஆனால் உயிர் என்று அவர் சொல்லவில்லை, இரசாயனம் என்றே சொன்னார்.

2012 டிசம்பரில் பொலன்னறுவையில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களில் உயிரின் படிமம் இருப்பதாக சந்திர விக்கிரமசிங்கவின் குழு அறிவித்தது. அவை பூமியில் நன்னீரில் இன்றும் வாழும் பாசிகள், கல்லே விண்கல்லென நிரூபிக்கப்படவில்லை என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். என் மனம் பொன்னம்பெரும பக்கம்தான். பெரிய வானத்தின் முன்னால் பணிவு என்பது என்னைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகம்தான்.

மறுநாள் மருமகன் வயலிலிருந்து ஒரு கறுப்புக் கல்லோடு வந்தான். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தோம். ஒட்டவில்லை.

"ஒட்டினாலும் விண்கல் எண்டு உடனே சொல்லேலாது மகன்," என்றேன்.

அவன் அடுத்த கல்லுக்குப் போய்விட்டான்.