தேதியும் சரித்திரமும் (7): பிப்ரவரி 19

1809-ஆம் வருஷத்தில் ஒரே தினத்தில் பிறந்த லிங்கனையும் டார்வினையும் சென்ற வாரம் கண்டோம். இவ்வாரத் தேதியில் பிறந்த இருவருக்கு நடுவே 382 வருஷங்கள் கிடக்கின்றன. தேசமும் பாஷையும் வித்தையும்கூட வேறு. ஆயினும், அவர்கள் செய்து முடித்த மகத்தான காரியங்களின் வரலாற்றை ஊன்றிப் படிப்போர், உரிய சமயத்தில் கேட்டவர் ஒருவர் ஒவ்வொன்றிலும் இருப்பதைக் காண்பார்கள்.

1473-ஆம் வருஷம் பிப்ரவரி 19-இல் போலந்து நாட்டுத் தோருன் நகரில் பிறந்த கோப்பர்னிக்கஸ், சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற தம் சித்தாந்தத்தைச் சுருக்கமாக எழுதி நண்பர்களிடம் மட்டும் காட்டிவிட்டு, விரிவான கிரந்தத்தை அச்சுக்குத் தராமல் பல்லாண்டுகள் தம்மிடமே வைத்திருந்தார். 1539-இல், விட்டன்பர்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரெட்டிகஸ் என்னும் இருபத்தைந்து வயதுக் கணித அறிஞர், தாம் புராட்டஸ்டண்டாகவும் அவர் கத்தோலிக்க தேவாலயத்து அதிகாரியாகவும் இருந்ததைப் பொருட்படுத்தாமல் அவரை நாடிச் சென்று, உடன் தங்கிப் பாடங்கேட்டு, அடுத்த வருஷமே அச்சித்தாந்தத்தை விளக்கிச் சிறு நூலொன்று வெளியிட்டு, ஆசிரியரின் தயக்கத்தையும் மெல்ல மெல்லக் கரைத்தார். அதன் பயனாக 1543-இல் நியூரம்பர்க் நகரில் அந்தக் கிரந்தம் அச்சேறியது. அவ்வருஷம் மே மாதத்திலேயே கோப்பர்னிக்கஸ் காலமானார்.

1855-ஆம் வருஷம் இதே தேதியில், உத்தமதானபுரம் வேங்கடசுப்பையருக்குப் புதல்வராகத் தோன்றியவர் மகாமகோபாத்தியாய சாமிநாதையர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த அவரை, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாகச் சொல்லி வந்த அந்த இளம் புலவர், சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்ற அடுத்த வினாவுக்கு இல்லையென்றே விடை சொல்ல நேர்ந்தது. அவருக்கும் அப்போது இருபத்தைந்து வயதுதான். முதலியார் கேட்டதோடு நில்லாமல் சிந்தாமணிப் பிரதியையும் கொடுத்துப் படிக்கத் தூண்ட, ஐயர் ஜைனர்களின் இல்லங்களுக்குச் சென்று அவர்கள் சமயக் கொள்கைகளைக் கேட்டறிந்து, ஊரூராக ஏடு தேடி, பாடபேதங்களை ஒப்பிட்டு, 1887-இல் அக்காவியத்தைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டும் (1889), சிலப்பதிகாரமும் (1892), புறநானூறும் (1894), மணிமேகலையும் (1898) அவர் கையால் தொடர்ந்து வெளிவந்தன.

இத்தேதியில் மறைந்தவர்களுள் ஒருவர் கோபால கிருஷ்ண கோகலே. 1915 ஜனவரி 9-இல் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தின் புகழோடு பம்பாயில் வந்திறங்கிய காந்தியடிகளிடம் அவர் விடுத்த வேண்டுகோள் விசித்திரமானது: ஒரு வருஷம் தேசமெங்கும் சுற்றிப் பாருங்கள், அதுவரை அரசியல் விஷயங்களில் அபிப்பிராயம் சொல்லாதீர்கள். அம்மாதமும் கழிந்து, பிப்ரவரி 19-இல், நாற்பத்தெட்டாம் வயதில் கோகலே உயிர் நீத்தார். சாந்திநிகேதனத்தில் அச்செய்தியைக் கேட்டுப் புனாவுக்கு விரைந்த காந்தியடிகள், தம் குரு இல்லாத நாளிலும் அவ்வாக்கைக் காப்பாற்றி, சென்னை, மாயவரம், தரங்கம்பாடி உட்படப் பல ஊர்களையும் நேரில் கண்டார். பின்னர் அவர் நடத்திய இயக்கங்களுக்கு, ஜனங்களின் வாழ்வை அறிந்துகொண்ட அந்த யாத்திரை அஸ்திவாரமாயிற்று.

ரெட்டிகஸ் மன்றாடினார், முதலியார் வினவினார், கோகலே பணித்தார். மூவரும் எதிரிலிருந்தவருடைய ஆற்றலை, அது முழுதும் வெளிப்படுமுன்பே நம்பினார்கள். பெரியோரின் ஜன்மதினத்தைக் கொண்டாடும் நாம் இவர்களையும் நன்றியோடு நினைத்தல் தகும். நினைப்பதோடு அமையாது, நம் ஊரிலே அறிவுடையவர் எவரேனும் அடங்கிக் கிடப்பாராயின், அவரிடம் சென்று இன்னும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று உரிமையோடு கேட்பதும் நம் கடமையாகும். அதற்குப் பெரும் பாண்டித்தியம் வேண்டியதில்லை. அவர்மீது நம்பிக்கையும், விடைக்குக் காத்திருக்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

(அடுத்த வாரம்: சர் சி. வி. இராமனும் 1928 பிப்ரவரி 28-உம்)