பழம்பாட்டும் கொடுமுடிக் குரலும்

முன்னொருவர் பாடியதைப் பின்னொருவர் எடுத்துப் பாடுதல் எச்சிற் பாட்டேயாம் என்று விடுதி நண்பரொருவர் எம்மொடு வழக்காடினார். அவர்க்கு விடையாக யாம் காட்டியது, நம் கொங்குநாட்டுக் கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரை (1908–1980).

அம்மையார் குரல் நாடகமேடையிற் பயின்றது. ஒலிபெருக்கி வாராத காலத்துக் கொட்டகையின் கடைக்கோடியில் இருப்பானுக்கும் சொல் விளங்குதல் வேண்டும். ஆதலின் சுருதியை உயர்த்தி, ஒவ்வோர் எழுத்தையும் திருத்தமுற ஒலித்தல் மேடைப் பாடகர்க்கு இயல்பாயிற்று. வெண்கலக் குரல் என்று பெரியோர் கூறுவது இப்பயிற்சியின் பயனே என்பது எம் கருத்து.

1933 டிசம்பரில் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தார். வெள்ளாடை பூண்டு மேடையைத் துறந்த அம்மையார், 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகத் தாமே ஆண்வேடம் தாங்கினார். ஊதியம் ஒரு லட்ச ரூபாய். அந்நாளில் அது கேட்டார் வாய்பிளக்கும் தொகை. கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகள் அப்படத்திலும் ஒலித்தன. கதாகாலட்சேபத்தில் ஊரறிந்த பாட்டுக்களே அவை.

நிற்க. 1953-இல் வெளிவந்த ‘ஔவையார்’ படத்தில் பழைய வெண்பாக்களையே பாடும் நிலை வந்தது. ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. வெண்பாவின் சீர் ஓரிடத்தில் முடியும். பொருளோ வேறோரிடத்தில் முடியும். சீரையே பற்றி நிறுத்துவார் சொல்லை இரு துண்டாக்குவர். தமிழ் வகுப்பில் யாமே இப்பிழையைச் செய்து நகைக்கப்பட்டதுண்டு! அம்மையாரோ பொருள் முடியுமிடத்து மூச்சை நிறுத்துவார். வேண்டிய சொல்லில் நெடிது நிற்பார். ஓசையும் கெடாது. உரையாசிரியர் பலவரியிற் செய்வதை ஒரு மூச்சில் செய்துவிடுவார் எனல் மிகையன்று.

இனி 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’. பழத்தின்பொருட்டுச் சினந்து மலையேறிய முருகனை ஔவை அமைதிப்படுத்தும் காட்சி. முதற்கண் வரும் விருத்தம் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றியது; தொடரும் பாட்டு கண்ணதாசன் எழுதியது; இசை கே. வி. மகாதேவன். இயக்கிய ஏ. பி. நாகராஜனும் நாடகக்குழுவில் வளர்ந்தவரே. ஆதலின் மேடையின் பழஞ்சரக்கு திரைக்கு வந்ததில் வியப்பில்லை.

விருத்தத்திற்குத் தாளக்கட்டு இல்லை. கீர்த்தனையில் தாளம் பாடுவாரைப் பிடித்திழுக்கும்; விருத்தத்திலோ எங்கே விரைவது, எங்கே தங்குவது என்பது பாடுவார் உள்ளத்தைப் பொறுத்தது. எனவே பாட்டு ஒன்றேயாயினும் பாடும் வயது மாறின் பாட்டும் மாறுகிறது. மேடையில் இளநங்கையர் பாடின், அது மயிலைத் துரத்தும் விரைவுடையதாய் இருக்கலாம். ஐம்பத்தாறு வயது எய்திய அம்மையார் பாடுங்கால், கோபித்த பேரனை மடியிலிருத்தும் பாட்டியின் பொறுமை அதில் இருக்கிறது. மொழி பழையது, தாங்கும் குரல் புதியது. இதனை எச்சில் என்பது எங்ஙனம்?

நண்பர் இவ்வளவையும் கேட்டார். தம் அலைபேசியில் அவ்விருத்தத்தை மூன்றுமுறை ஒலிக்கச் செய்தார். ஆயினும், “அம்மையார்க்கு மட்டும் விலக்கு, மற்றவர்க்கு என் விதியே” என்கிறார். வழக்கு இன்னும் நடைபெறுகிறது.