உங்களுக்குத் தெரியுமா? வெயில் படாத கறுப்பு!

★ வெயிலில் அலைந்து கறுத்துவிட்டால் நம்மூர் அழகு நிலையங்களில் ‘டேன் ரிமூவல்’ செய்துகொள்கிறோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதே கறுப்பைக் காசு கொடுத்து வாங்கிப் பூசிக்கொள்கிறார்கள். ‘செல்ஃப் டேனர்’ என்று விற்கும் அந்த லோஷன்களில் பெரும்பாலானவற்றின் சூத்திரதாரி டைஹைட்ராக்சிஅசிட்டோன், சுருக்கமாக டி.எச்.ஏ. அது சாயமே அல்ல, வெள்ளைப் பொடியாக இருக்கும் ஒரு சர்க்கரை!

★ அந்தச் சர்க்கரையின் வித்தை வெளியே வந்தது ஒரு குழந்தைகள் மருத்துவமனையில். 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில், கிளைக்கோஜனைச் சரியாகக் கையாள முடியாத உடல்வாகு கொண்ட குழந்தைகளுக்கு டி.எச்.ஏ. கரைசலைக் குடிக்கக் கொடுத்து ஆராய்ந்துவந்தார் ஈவா விட்கென்ஸ்டைன். குழந்தைகள் துப்பாமல் இருப்பார்களா? கரைசல் பட்ட இடத்தில் தோல் சில மணி நேரத்தில் பழுப்பானது. உடுப்பில் கறையே இல்லை. ஈவா தன் தோலிலும் பூசிப் பார்த்தார். 1960-ல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வெளியானது. அதே ஆண்டில் ‘காப்பர்டோன்’ தன் ‘க்யூ.டி.’ லோஷனைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆரம்பகால லோஷன்கள் பலரை ஆரஞ்சு நிறத்தில் உலவவிட்டன என்பது தனிக்கதை.

★ தோலின் மேற்பரப்பில் இருப்பவை இறந்த செல்கள். அவற்றின் புரதத்திலுள்ள அமினோ அமிலங்களோடு டி.எச்.ஏ. வினைபுரிந்து பழுப்பாகிறது. தோசை முறுகும்போது நிறம் மாறுகிறதே, அதே வகை வினைதான். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயார் 1912-ல் விளக்கியது. தோசைக்குக் கல் காய வேண்டும், இதற்கு உடம்புச் சூடே போதும். பூசிய சில மணி நேரத்துக்கு பிஸ்கட் வாசனை வருகிறது என்று பலர் முகம் சுளிப்பதும் இந்த வினையால்தான்.

★ இறந்த செல்கள் தினமும் உதிர்வதால் நிறமும் ஒரு வாரத்துக்குள் திட்டுத் திட்டாகப் போய்விடும். முழங்கை, முழங்கால், கணுக்காலில் மேல்படலம் தடிமன். அங்கே நிறம் கூடுதலாக ஏறும். அதனால்தான் முதலில் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுப் பூசச் சொல்கிறார்கள். பூசி முடித்ததும் உள்ளங்கையைக் கழுவ மறந்தால், மறுநாள் கையே காட்டிக்கொடுத்துவிடும்.

★ பலரும் ஏமாறும் இடம் இதுதான். வெயிலில் கறுக்கும்போது உயிருள்ள செல்கள் மெலனினைச் சுரக்கின்றன; அது ஓரளவுக்குக் குடை பிடிக்கும். டி.எச்.ஏ. கறுப்பில் மெலனினுக்கு வேலையே இல்லை. பார்க்க எவ்வளவு கறுத்திருந்தாலும், அது தரும் பாதுகாப்பு எஸ்.பி.எஃப். 3 அல்லது 4-ஐத் தாண்டாது. ‘ஏற்கெனவே கறுத்தாயிற்று, இனி என்ன?’ என்று கடற்கரையில் படுத்தால் தோல் வெந்துபோகும். ஒரு காலத்தில் டி.எச்.ஏ.வோடு லாசோனைச் சேர்த்து வெயில் காப்பாகவே பயன்படுத்திப் பார்த்தார்கள். லாசோன் வேறொன்றுமில்லை, நம் மருதாணியைச் சிவக்கவைக்கும் பொருள்!

★ இரண்டாம் உலகப்போரில் பட்டும் நைலானும் பாராசூட்டுக்குப் போய்விட்டதால் பிரிட்டனில் பெண்களுக்குக் காலுறை கிடைக்கவில்லை. தேயிலைச் சாற்றையும், குழம்புக்கு நிறம் சேர்க்கும் பொடியையும் காலில் பூசிக்கொண்டு, பின்னங்காலில் புருவப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்கள். அதுதான் காலுறையின் தையல்!

★ விழுங்கிக் கறுக்கவும் மாத்திரை இருந்தது. கேந்தாசாந்தின் என்ற நிறமி, தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் போய்ப் படியும். விழித்திரையிலும் படிகமாகப் படிந்தது தெரியவந்த பிறகு அதன் மவுசு போயிற்று.

★ மெலனினையே தூண்டும் ஊசி அரிசோனா பல்கலைக்கழக ஆய்வில் பிறந்தது. அந்த வழியில் வந்த அஃபமெலனோடைடுக்கு ஐரோப்பா 2014-லும் அமெரிக்கா 2019-லும் அனுமதி தந்தன. அழகுக்காக அல்ல, வெளிச்சம் பட்டாலே தோல் எரியும் ஓர் அரிய பரம்பரை நோய்க்காக. இணையத்தில் ‘மெலனோடான்’ என்று விற்கும் ஊசியும் மூக்கு ஸ்பிரேயும் அனுமதி பெறாதவை. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

★ புற ஊதாக் கதிர் வீசும் டேனிங் படுக்கைகளை 2009-ல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை. அமெரிக்கா 2010-ல் அவற்றுக்கு 10 சதவீத வரி போட்டது. டி.எச்.ஏ.வைத் தெளிக்கும் ஸ்பிரே டேனுக்கு விலக்கு. ஆனால் ஸ்பிரே அடிக்கும்போது கண், உதடு, மூக்கை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறது அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு.

★ மாநிறக்காரர்களுக்கு இந்தப் பூச்சு தேவையில்லை என்று நினைத்தால், ஆணழகன் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். மேடை விளக்கில் தசையின் மேடுபள்ளம் வெளிறிப்போகாமல் இருக்க, நம்மூர்ப் போட்டியாளர்களும் ‘டேன்’ பூசிக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.

★ மெலனின் தேவைப்படாததால், மெலனினே இல்லாத வெண்புள்ளிகளிலும் டி.எச்.ஏ. நிறம் பிடிக்கும். மேக்கப் போல வியர்வையில் வழியாது என்பதால், வெண்புள்ளிகளை மறைக்கத் தோல் மருத்துவர்கள் சிலருக்கு இதைச் சொல்வதுண்டு. பக்கத்துத் தோலின் நிறத்தோடு பொருந்த அளவு பார்த்துப் பூச வேண்டும். சில நாளுக்கொரு முறை திரும்பப் பூச வேண்டும். அந்த இடத்துக்கு சன்ஸ்கிரீன் தனி.