கட்டம் போட்ட துணியும், சிதம்பரத்தின் ஓட்டும்!

குட்டீஸ்... நீங்கள் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். நெசவுதான் இங்கே முக்கியமான தொழில். தெருவுக்குள் நுழைந்தாலே, 'டடக்... டடக்...' என்று தறிச் சத்தம் காதைத் துளைக்கும். வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது சத்தம். அங்கேயே பிறந்து வளர்ந்த வாண்டுகளுக்கு அது தாலாட்டு. தறி நின்றால்தான், 'என்னாச்சு, கரன்ட் போயிடுச்சா?' என்று எழுந்து உட்காருவார்கள்!

இன்றைக்கு நாம் பார்க்கப் போவது, வெளிநாடுகளில் ஓட்டு வாங்கி ஜெயித்த நம்ம ஊர் வம்சாவளிக்காரர்களைப் பற்றி. அதற்கும் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஒரு கைலியைக் கையில் எடுத்துக் கொண்டால், உலகத்தையே சுற்றி வந்து விடலாம்.

மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு, 'காயின் பெலிக்காட்' என்று பெயர். 'காயின்' என்றால் மலாய் மொழியில் துணி. 'பெலிக்காட்' என்பது வேறொன்றும் இல்லை... நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடுதான்! டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலத்தில், அங்கிருந்து கப்பல் ஏறிய துணி, ஊர்ப் பெயரையும் சுமந்து கொண்டே போய்விட்டது.

இன்னொரு துணி இன்னும் தூரம் போனது. சென்னையைச் சுற்றியுள்ள பகுதிகளில் நெய்த கட்டம் போட்ட துணிக்கு, வெளிநாட்டு வியாபாரிகள் வைத்த பெயர், 'மெட்ராஸ்!' உலக வரைபடத்தை எடுத்து, அமெரிக்காவுக்குக் கீழே கரீபியன் கடலைப் பாருங்கள். அங்கே பொட்டுப் பொட்டாகத் தீவுகள் இருக்கும். அவற்றில் ஒன்று, சிறகு விரித்த பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கிறது. அதுதான் குவாதலூப். பிரான்ஸ் நாட்டுக்குச் சொந்தமான தீவு. அங்கே பெண்கள் விழா நாட்களில் தலையில் கட்டிக் கொள்ளும் கட்டம் போட்ட துணிக்கு இன்றும் பெயர், 'மத்ராஸ்' தான்!

துணி மட்டுமா போனது? அதை நெய்த, உடுத்திய மக்களும் போனார்கள். ஆனால், துணியை வரவேற்ற அளவுக்கு, மனிதர்களை யாரும் வரவேற்கவில்லை.

கரும்புக்காட்டுக்கு ஒரு கப்பல்

குவாதலூப்பில் கரும்புத் தோட்டங்கள் அதிகம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டு வரப்பட்ட அடிமைகள்தான் அங்கே வேலை செய்தார்கள். 1848ல், பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. 'அப்பாடா' என்று அவர்கள் தோட்டங்களை விட்டு வெளியேற, முதலாளிகளுக்குக் கை ஒடிந்தது போலாகி விட்டது. யாரைப் பிடிக்கலாம் என்று தேடினார்கள். அப்போது, புதுச்சேரியும், காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தன அல்லவா... அங்கே ஆள் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முடிந்ததும் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவீர்கள் என்று வாக்குறுதி. படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். சூயஸ் கால்வாய் அப்போது இல்லை. ஆப்பிரிக்காவையே சுற்றிக் கொண்டு, மாதக்கணக்கில் கப்பல் பயணம். 1854, டிசம்பர் 24ம் தேதி, 'ஒரேலி' என்ற முதல் கப்பல் குவாதலூப்பில் கரை சேர்ந்தது. முந்நூறுக்கும் அதிகமானவர்கள் அதிலிருந்து இறங்கினர். அதற்குப் பிறகு, 1889 வரை, ஏறக்குறைய 42 ஆயிரம் பேர் இப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். தமிழர்கள் அதில் ஏராளம்.

வேலை கடுமை, வியாதி வேறு. நிறைய பேர் ஊர் திரும்பவே இல்லை. அங்கேயே மாரியம்மனுக்குக் கோவில் கட்டிக் கும்பிட்டார்கள். அங்கே அவள் பெயர், 'மாலியெமேன்!' அந்தத் தீவின் பிரபலமான மசாலாக் கறிக்குப் பெயர், 'கொலொம்போ.' நம்ம 'குழம்பு' தான் அப்படித் திரிந்தது என்று சிலர் சொல்கிறார்கள். கொழும்பு நகரத்தின் பெயர்தான் என்று சிலர் சொல்கிறார்கள். சாப்பாட்டு விஷயம் என்பதால், நான் குழம்பு கட்சி!

பெயர்களுக்கும் இதே கதிதான். பிரெஞ்சு குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ, அப்படியே எழுதினார். ராமசாமி, 'ராமாஸ்ஸாமி' ஆனார். கோவிந்தன், 'கோவிந்தேன்' ஆனார். வைத்தியலிங்கம், 'வைத்திலிங்கோன்' ஆனார். சிதம்பரம் என்ன ஆனார் தெரியுமா? 'சிதம்பரோம்!'

நம் கதாநாயகர் அவர்தான்.

பட்டியலில் பெயர் இல்லை!

ஹென்றி சிதம்பரோம் 1863ல், குவாதலூப்பில், காப்பெஸ்தேர் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். நன்றாகப் படித்தார். வெளியிலிருந்து வரும் தொழிலாளர்களைக் கவனிக்கும் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஆனால், உள்ளே உட்கார்ந்து பார்த்தபோதுதான், நம் மக்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பது தெரிந்தது. மனசு கேட்கவில்லை. வேலையை உதறினார்.

1904ல் அந்தப் பிரச்னை வந்தது. தேர்தலுக்காக வாக்காளர் பட்டியல் தயாரானது. குவாதலூப்பிலேயே பிறந்து வளர்ந்த இந்தியர்களின் பிள்ளைகள், பட்டியலில் தங்கள் பெயரும் இருக்க வேண்டும் என்றார்கள். தீவின் ஆளுநர் ஒப்புக் கொள்ளவில்லை. 'இவர்கள் வெளியாட்களின் பிள்ளைகள். இவர்களுக்கு ஓட்டு கிடையாது' என்பது அரசாங்கத்தின் வாதம்.

யோசித்துப் பாருங்கள், குட்டீஸ். உங்கள் பள்ளியில் வகுப்புத் தலைவர் தேர்தல் நடக்கிறது. முதல் வகுப்பிலிருந்து அதே பள்ளியில்தான் படிக்கிறீர்கள். திடீரென்று, 'உன் அப்பா வேறு ஊர்க்காரர். அதனால் நீ கை தூக்கக் கூடாது' என்று சொன்னால் எப்படி இருக்கும்? வகுப்பைக் கூட்டிப் பெருக்கும் முறை மட்டும் உங்களுக்கும் உண்டு!

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அதே காலத்தில், இங்கே புதுச்சேரியில் இருந்த இந்தியர்கள், பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டு ஓர் உறுப்பினரை அனுப்பிக் கொண்டிருந்தார்கள். கடலைத் தாண்டி, அதே பிரான்சின் தீவில் பிறந்த பிள்ளைக்கு அந்த உரிமை கிடையாதாம்!

சிதம்பரம் (நாம் தமிழிலேயே கூப்பிடுவோமே!) வழக்குத் தொடுத்தார். அவருக்கு வயது 41 இருக்கும். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்திருப்பாரோ என்னவோ... முடியவில்லை. ஓராண்டா, ஈராண்டா? நடுவில் முதல் உலகப் போரே வந்து, நான்கு ஆண்டுகள் நடந்து, முடிந்தும் போனது. வழக்கு மட்டும் முடியவில்லை. தீவுக்கும் பாரீசுக்கும் நடுவே ஓர் அட்லான்டிக் கடலே கிடந்தது. காகிதம் போய், பதில் வருவதற்கே எத்தனை நாள் ஆகியிருக்கும்!

'நாம் எதற்கு இத்தனை சிரமப்பட வேண்டும்? ஓட்டு இல்லாவிட்டால் என்ன, சோறு கிடைக்காதா?' என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. ஓட்டு இல்லாதவன் குறையை எந்தத் தலைவரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார் என்பது அரசு அலுவலகத்திலேயே இருந்து பார்த்தவருக்குத் தெரியாதா?

கடைசியில், 1923ல், பாரீசிலிருந்து பதில் வந்தது. அப்போது பிரான்சின் பிரதமராக இருந்தவர் ரேமோன் புவான்காரே. குவாதலூப்பில் பிறந்த இந்தியர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்களே. அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று ஆனது. வழக்குத் தொடங்கி 19 ஆண்டுகள்! 1904ல் பிறந்த குழந்தை, கல்லூரி வயதை எட்டியிருக்கும். சிதம்பரத்துக்கு 60 வயது.

சுட்டிப் பெண்கள் யாராவது, 'ஆண்களுக்கு மட்டுமா, பெண்களுக்குமா?' என்று கேட்பது என் காதில் விழுகிறது. சரியான கேள்வி! அப்போது பிரான்சில் எந்தப் பெண்ணுக்குமே ஓட்டு கிடையாது. அவர்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1945ல்தான். சிதம்பரத்தின் வெற்றியில் பாதிப் பேருக்கு இன்னும் 22 ஆண்டுகள் காத்திருக்க வேண்டி வந்தது.

ரூபாய் நோட்டில் ஒரு சீனிவாசன்

இப்படிக் கப்பலில் போன குடும்பங்களிலிருந்து, வேறு நாடுகளிலும் தலைவர்கள் வந்திருக்கிறார்கள்.

மொரிஷியஸ் நாட்டின் 100 ரூபாய் நோட்டைப் பார்த்தால், கண்ணாடி போட்ட காந்தித் தாத்தா இருக்க மாட்டார். அதில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன். வழக்கறிஞர், அரசியல் தலைவர். நாடு 1968ல் சுதந்திரம் அடைவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1958ல் இறந்து விட்டார். அந்த நோட்டுகளில் தொகை தமிழிலும் அச்சாகியிருக்கும். 1992ல் மொரிஷியஸ் குடியரசு ஆனபோது, முதல் குடியரசுத் தலைவர் யார் தெரியுமா? வீராசாமி ரிங்காடு. அவரும் தமிழ் வம்சாவளிதான்.

தென் அமெரிக்காவில் கயானா. அங்கே, விம் என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவர் மோசஸ் நாகமுத்து. 'மதராசி' என்று அங்கே அழைக்கப்படும் தமிழ்க் குடும்பம். ஆசிரியர், பத்திரிகையாளர் என்று வேலை பார்த்து, 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்தார்.

சிங்கப்பூரில் எஸ்.ஆர்.நாதன் கதை சினிமா மாதிரி இருக்கும். 1924ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், வீட்டை விட்டும் ஓடிப் போனார். (இதை மட்டும் நீங்கள் முயற்சி பண்ணக் கூடாது, சொல்லி விட்டேன்!) பிறகு, வேலை பார்த்துக் கொண்டே படித்து, அரசு அதிகாரி ஆனார். 1974ல், 'லாஜு' என்ற படகை ஆயுதம் தாங்கிய நால்வர் கடத்தினர். படகில் இருந்தவர்களை விட வேண்டுமானால், தங்களைப் பத்திரமாக வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். 'நாங்கள் கூட வருகிறோம்' என்று, தன் குழுவோடு அதே விமானத்தில் குவைத்துக்குப் போனவர் நாதன். எல்லாரும் உயிரோடு திரும்பினார்கள். 1999 முதல் 2011 வரை, 12 ஆண்டுகள் சிங்கப்பூர் குடியரசுத் தலைவராக இருந்தார். 2023ல் நடந்த தேர்தலில், இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த தர்மன் சண்முகரத்னம், நூற்றுக்கு 70 ஓட்டு வாங்கி அதே பதவிக்கு வந்தார்.

அமெரிக்காவில், 2021 முதல் 2025 வரை துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸை உங்களுக்கே தெரியும். அவர் அம்மா சியாமளா, சென்னையில் பிறந்தவர். தாத்தாவின் ஊர் மன்னார்குடி பக்கத்தில் துளசேந்திரபுரம். இவர்கள் கரும்புக்காட்டுக்குப் போனவர்கள் அல்ல. சியாமளா 1958ல் மேல்படிப்புக்குப் போனார். ஆனால், கமலாவின் அப்பா ஊர் எது? ஜமைக்கா. குவாதலூப் இருக்கும் அதே கரீபியன் கடல்! அங்கேயும் பெண்களின் பாரம்பரிய உடை, சிவப்பு, வெள்ளைக் கட்டம் போட்ட மெட்ராஸ் துணியில்தான்.

பாரீசில் முத்துசாமி

சரி, நம் சிதம்பரம் என்ன ஆனார்? 1952 வரை வாழ்ந்தார். கிட்டத்தட்ட 89 வயது. பாரீஸ் நாடாளுமன்றத்தில் தன் தீவைச் சேர்ந்த இந்திய வம்சாவளிக்காரர் ஒருவர் உட்காருவதை அவர் பார்க்கவில்லை.

ஆனால், அவர் கண் மூடியபோது, அதே தீவில், சான் பிரான்சுவா என்ற ஊரில், ஒரு பையனுக்குப் பத்துப் பதினோரு வயது. ஏறக்குறைய உங்கள் வயது. பெயர், எர்னெஸ்ட் முத்துசாமி. பிரெஞ்சு குமாஸ்தா எழுதியபடி, 'மூத்துஸ்ஸாமி.' அந்தப் பையன் நன்றாகப் படித்தார், ஆசிரியர் ஆனார், கதை, கவிதையெல்லாம் எழுதினார். கரும்புக்காட்டுக்கு வந்த இந்தியர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதி, அதற்கு, 'ஒரோர்' என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில், விடியல் என்று அர்த்தம்.

1981ல், குவாதலூப் மக்கள் ஓட்டுப் போட்டு, முத்துசாமியைப் பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2002 வரை, 21 ஆண்டுகள் அங்கே உறுப்பினராக இருந்தார். சொந்த ஊரான சான் பிரான்சுவாவுக்கு மேயராகவும் இருந்தார்.

அவருக்கு விழுந்த ஓட்டுகளில், 1904ல் பட்டியலில் பெயர் சேர்க்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் பேரன், பேத்திகள் போட்ட ஓட்டுகளும் இருந்தன.