காலில்லாத பார்ட்ஸும் கற்க வந்தவனும்

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் கள்ளக்குறிச்சியில் என் பட்டறைக்கு வந்தான். பத்தாவது முடித்தவன். கையில் எரியாமல் போன எல்இடி பல்பு. மூடியைக் கழற்றிக் காட்டினேன். “என்னாண்ணா, நொய்யரிசி ஒட்டுன மாதிரி கீது, இதுல எதுண்ணா ரெசிஸ்டர்?” என்றான். கண்ணாடி இல்லாமல் எனக்கே சொல்ல முடியவில்லை. அந்தத் தடுமாற்றத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்ட 1980களில் ரெசிஸ்டர் ஒரு வாசிக்கத்தக்க பிரதியாக இருந்தது. பழுப்பு, கருப்பு, சிவப்பு என்றால் 1000 ஓம். நிறம் தெரிந்தால் போதும், இங்கிலீஷ் வேண்டாம். பிசி 547 டிரான்சிஸ்டர் தன் பெயரைத் தன் மேலேயே எழுதி வைத்திருந்தது. ஐ.சி.யின் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் 2.54 மி.மீ. இடைவெளி, சால்டரிங் அயர்ன் நுனி நுழையும். இன்று போர்டில் துளையின்றி ஒட்டப்படும் எஸ்.எம்.டி. வகையில் 0402 என்கிற அளவு 1 மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலம். செராமிக் கண்டென்சர் மேல் எழுத்தே கிடையாது. மதிப்பு தெரிய வேண்டுமெனில் பிடுங்கி மீட்டரில் வைக்க வேண்டும். பிடுங்கினால் உடையும்.

இதில் சதி ஒன்றுமில்லை. துளை போடும் செலவு மிச்சம். இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் பொறுக்கி வைக்கிறது. காலின் நீளம் குறைந்தால் உயர் அதிர்வெண்ணில் தொல்லையும் குறையும். ஆனால் போர்டு இப்போது இயந்திரத்தை நோக்கி எழுதப்படுகிறது. வாசகன் மாறிவிட்டான்.

பழையதுக்கு அழுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஏசி 128 போன்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் போய் சிலிக்கன் வந்தபோது, எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் “இனி அவ்ளோதாம்பா” என்றார். அவர் சொன்னது பொய்த்தது. 2006 செப்டம்பரில் தொடங்கி அரசு இலவசமாகத் தந்த கலர் டிவிகள் பிக்சர் ட்யூப் வைத்தவை. பழுதாகி மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்த அந்தப் பெட்டிகளைத் திறந்துதான் என் பட்டறையில் மூன்று பேர் தொழில் படித்தார்கள். இப்போது வரும் தட்டை டிவிக்கு ஒரே வைத்தியம்: போர்டை மாத்து.

மறுபக்கம் உண்டு. 2005இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோவும் 2014இல் வந்த இஎஸ்பி 8266 சில்லும் மலிவான ஆயத்த மாட்யூல்களுக்கு வழி திறந்தன. சென்னை ரிச்சி தெருவுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏற வேண்டாம். கூரியர் வீட்டுக்கே வரும். மரவள்ளிக் காட்டில் மண் ஈரம் பார்த்து மோட்டாரைப் போட ஒரு மாணவனால் ஒரு வாரத்தில் முடிகிறது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் வாசல் இடம் மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். முன்பு வாசல் கை. இன்று லேப்டாப்பும் நிரல்மொழியும் அது பேசும் ஆங்கிலமும். இன்ஜினியரிங் படிப்பவன் சில்லைத் தொடாமலே உள்ளே போகிறான். கையால் அறிந்து மூளைக்குப் போனவன் வெளியே நிற்கிறான். கைவேலை கீழ், மூளைவேலை மேல் என்று சாதி போட்டுவைத்த பழைய கோட்டின் மேலேயே இந்தப் புதிய கோடும் விழுகிறது என்பது தற்செயலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரி, பையனுக்கு என்ன செய்தேன்? லென்ஸையும் ட்வீசரையும் கொடுத்தேன். 0805 அளவு (2 மி.மீ.க்கு 1.25) ஃப்ளக்ஸ் தடவினால் கைக்கு வசப்படும், ஐம்பது வயதுக்கு மேல் நானே பழகினேன். “102னு போட்டுக்கீதுண்ணா” என்றான். 10, அப்புறம் ரெண்டு சைபர்; 1000 ஓம். எல்இடிகள் வரிசையாகக் கோர்த்தவை, ஒன்று செத்தால் எல்லாம் அணையும் என்றேன். கரும்புள்ளி விழுந்த ஒன்றை அவன்தான் கண்டுபிடித்தான். கரண்ட்டில் மாட்டியிருக்கும்போது உள்ளே விரல் வைக்காதே என்று இரண்டு தடவை சொன்னேன். செத்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தை ஈயத்தால் இணைத்தான். நிரந்தர வைத்தியமல்ல, எரிந்தது.

“எங்க தெருவுல அஞ்சாறு கெடக்குதுண்ணா, எடுத்தாரவா?” என்றபடி பஸ்ஸுக்கு ஓடினான். இன்னொரு லென்ஸ் வாங்க வேண்டும்.