ஊசியைக் கண்டதும் மயக்கம் ஏன்?

உயரமோ பாம்போ, எதைக் கண்டு மிரண்டாலும் பொதுவாக நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஊசி, ரத்தம் பற்றிய அச்சநோய் மட்டும் வேறு மாதிரி. ஏறிய ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். மூளைக்கு ரத்தம் குறைந்து, கண் இருட்டி, ஆள் சாய்ந்துவிடுவார். இதனாலேயே ரத்தப் பரிசோதனையையும் தடுப்பூசியையும் தள்ளிப்போடுபவர்கள் உண்டு.

இந்த மயக்கத்தைத் தடுக்க ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980களில் ஒரு பயிற்சியை வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்குங்கள். முகத்தில் சூடு ஏறியதும் தளர்த்துங்கள். அரை நிமிடம் விட்டு, இப்படி 5 முறை. ரத்த அழுத்தம் சரியாமல் நிற்கும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விடுங்கள். மயங்கும் வழக்கம் உள்ளவர்கள் செவிலியரிடம் முன்பே சொல்லி, படுத்தபடியே போட்டுக்கொள்ளலாம்.